53 அமினோ அமிலத்தில் ஒரு தொழில்

தென்காசி, குற்றாலம், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில் விலங்கியலோ வேதியியலோ நுண்ணுயிரியலோ கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., இல்லையென்றால் "மத்தளம்பாறை சோஹோவுல முயற்சி பண்ணலாம்னு இருக்கேன்." மூன்றும் நல்ல வழிகளே. ஆனால் படித்த பாடத்தை அப்படியே கையில் எடுத்துச் செய்யக்கூடிய நான்காவது வழி ஒன்றும் உண்டு. மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவில் உருவாக்குவது, தூய்மைப்படுத்துவது, அது வேலை செய்கிறது என்று சோதித்துச் சான்று தருவது, ஆய்வகத்தில் கெடாமல் கையாள்வது. இவற்றைச் சுற்றிப் பல வேலைகள் இருக்கின்றன. நம் கல்லூரிகளில் அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவு.

"பயோடெக் துறை" என்று மொத்தமாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது. என் யோசனை இதுதான்: ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணுவிலிருந்து குப்பி வரைக்கும், குப்பியிலிருந்து செல் வளர்க்கும் தட்டு வரைக்கும் அதை முழுக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பயோடேட்டாவில் இருபது நுட்பங்களின் பெயரை அடுக்கியவர் முதல் குறுக்குக் கேள்வியிலேயே தடுமாறிவிடுவார். ஒரு புரதத்தை ஆழமாக அறிந்தவர் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்.

எந்தப் புரதம் என்று கேட்டால், தொடங்குவதற்கு நான் சொல்வது ஈ.ஜி.எஃப். தமிழில் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. சிறியது, நன்றாக ஆராயப்பட்டது, இந்தியாவிலேயே மருந்தாக வந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க உயிர்வேதியியலர் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். வழக்கமான நாளுக்கு முன்பே குட்டிகள் கண் திறந்தன, பல்லும் முளைத்தது. அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்த்து 1986-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனித ஈ.ஜி.எஃப். 53 அமினோ அமிலங்கள் கொண்டது. எடை சுமார் 6.2 கிலோடால்டன். அதிலுள்ள ஆறு சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளை உண்டாக்குகின்றன. இந்தப் பிணைப்புகள் சரியான சோடியில் அமைந்தால்தான் புரதத்துக்கு உரிய வடிவம் வரும். அந்த வடிவம் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியைப் பற்றுகிறது. புரதம் பற்றிக்கொண்ட இரண்டு ஏற்பிகள் சோடி சேர்கின்றன. செல்லின் உட்புறம் நீண்டிருக்கும் அவற்றின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அங்கிருந்து சமிக்ஞை ஒவ்வொரு புரதமாகக் கைமாறி உட்கரு வரை போகிறது. செல் பிரியத் தொடங்குகிறது. இதற்கெல்லாம் தேவைப்படுவது மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்தான்.

இவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்யும் ஒன்றை எலிச் சுரப்பியிலிருந்து எடுத்துக் கட்டுப்படியாகாது. 1978-இல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் உருவாக்கிக் காட்டினார்கள். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதே மறுசேர்க்கைத் தொழில்நுட்பத்தில் மனித ஈ.ஜி.எஃப்-க்கான மரபணுத் துண்டை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்துப் புரதத்தை வாங்கிக்கொள்ள முடிந்தது.

இந்தியாவில் ஹைதராபாத் பாரத் பயோடெக் மறுசேர்க்கை மனித ஈ.ஜி.எஃப். கொண்ட 'ரீஜென்-டி' ஜெல்லை நீரிழிவுக் கால்புண்ணுக்காகக் கொண்டுவந்தது. ஒரு கிராம் ஜெல்லில் 150 மைக்ரோகிராம் புரதம். நிறுவனத்தைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன; அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன். அதே 2006-இல் பெங்களூரு பயோகான், இதே ஏற்பியை மறித்து நிறுத்தும் நிமோட்டுசுமாப் என்ற எதிர்ப்புரதத்தைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மருந்தாக வெளியிட்டது. புண் ஆற ஒரு சமிக்ஞையைக் கூட்டுகிறோம். புற்று அடங்க அதே சமிக்ஞையைத் தடுக்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த மாணவருக்கு ஒரு செமஸ்டர் செல் உயிரியல் கைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

ஆராய்ச்சிக்கென்று விற்கப்படும் ஈ.ஜி.எஃப். பெரும்பாலும் உறைநிலையில் உலர்த்திய பொடியாக, 100 மைக்ரோகிராம், 500 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராம் என்ற அளவுகளில் வரும். 100 மைக்ரோகிராம் குப்பியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாதது போலிருக்கும். ஆனால் சந்தை பெரியது. இத்தகைய சமிக்ஞைப் புரதங்களைத் தயாரித்து விற்பதையே தொழிலாகக் கொண்ட பெப்ரோடெக் என்ற நிறுவனத்தைத் தெர்மோ ஃபிஷர் 2021-ஆம் ஆண்டு இறுதியில் சுமார் 185 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

குப்பியோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழை, லேபில் சி.ஓ.ஏ. என்பார்கள், வாசிக்கப் பழகுவதுதான் முதல் பாடம். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். தூய்மை: 95 அல்லது 98 விழுக்காட்டுக்கு மேல் என்று இருக்கும், எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் இருக்கும். எண்டோடாக்சின்: ஈ.கோலையின் வெளிச்சுவரிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் நச்சு. இது கூடினால் செல்கள் புரதத்துக்கு இல்லாமல் நச்சுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும், நோயெதிர்ப்புச் செல்களோடு வேலை செய்பவருக்கு மொத்தச் சோதனையும் வீண். மூன்றாவது, எந்த பஃபரிலிருந்து உலர்த்தினார்கள், எதில் கரைக்கச் சொல்கிறார்கள் என்பது.

நான்காவதுதான் உயிர். புரதத்தின் செயல்திறன். வழக்கமாக பால்ப்/3டி3 என்ற எலிச் செல்களை வைத்து, அவற்றின் பெருக்கத்தில் பாதி உச்சத்தைத் தர எவ்வளவு புரதம் தேவை என்று அளப்பார்கள். அந்த அளவுக்கு ஈ.டி.50 என்று பெயர். மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் என்றால், பத்து லட்சத்தை அந்த எண்ணால் வகுங்கள். ஒரு மில்லிகிராமுக்கு ஒரு கோடி யூனிட் வரும். ஈ.டி.50 சிறிதாக இருந்தால் புரதம் வீரியமானது. ஜெல்லில் ஒற்றைக் கோடாகத் தெரியும் புரதம்கூட டைசல்ஃபைடு மாறிப்போயிருந்தால் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தூய்மையும் செயல்திறனும் வேறுவேறு என்பதை மனதில் நன்றாக ஏற்றிக்கொள்ளுங்கள். முதுகலை முடித்தவர்களிலும் பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

சாரல் மாதங்களில்

நம்மூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது காற்றில் ஈரம் ததும்பும். உலர்த்திய புரதம் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர்ச்சியோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிந்துவிடும். ஆகவே மூடியபடியே, முடிந்தால் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வைத்து, அறைவெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சிறு சுற்று. பொடி மூடியில் ஒட்டியிருந்தால் கீழே இறங்கிவிடும். இந்தச் சுற்றை மறந்தால் பாதிப் புரதம் மூடியோடு குப்பைக்குப் போகும்.

கரைக்கும்போது வேகமாகக் குலுக்காதீர்கள், வோர்ட்டெக்ஸ் வேண்டாம். மெல்லச் சுழற்றினால் போதும். நுரை வந்தால் புரதம் கெடும். நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி மறைந்துவிடும் என்பதால் 0.1 விழுக்காடு ஆல்புமின் போன்ற துணைப் புரதம் சேர்ப்பார்கள். எதில், எந்தச் செறிவில் கரைப்பது என்பதில் மட்டும் சொந்த யோசனை வேண்டாம். குப்பியோடு வந்த தாள் சொன்னபடி செய்யுங்கள்.

அடுத்தது அலிக்வாட், அதாவது சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைப்பது. கணக்கைப் பாருங்கள். 100 மைக்ரோகிராமை ஒரு மில்லிலிட்டரில் கரைக்கிறீர்கள். இருபது மைக்ரோலிட்டர் வீதம் பிரித்தால் ஐம்பது குழாய். ஒவ்வொன்றிலும் இரண்டு மைக்ரோகிராம். வளர்ப்பு ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் வேண்டுமென்றால் ஒரு குழாய் 100 மில்லிலிட்டர் ஊடகத்துக்குச் சரியாக வரும். ஒரு முறை உருக்கிய குழாயை மறுபடி உறைய வைக்கத் தேவையே இருக்காது. உறைவதும் உருகுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் எந்தச் சமிக்ஞைப் புரதமும் தாங்காது.

ஃப்ரீசர் பற்றியும் ஒரு வார்த்தை. சில சிறிய ஆய்வகங்களில் வீட்டு ஃப்ரிட்ஜையே வைத்துச் சமாளிக்கிறார்கள். பனி கட்டாத வகை ஃப்ரிட்ஜ்கள் பனியைக் கரைக்க அவ்வப்போது தாமாகவே சூடேறிக் குளிரும். உங்கள் விலையுயர்ந்த குழாய் உங்களுக்குத் தெரியாமலே தினமும் உருகி உறையும். கரண்ட் போகும் நேரத்தைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, உள்ளே ஒரு தெர்மோமீட்டர், நுரைப்பெட்டி ஒன்று: இவை செலவில்லாத காப்பீடு. பார்சல் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பெருநகரத்திலிருந்து கிளம்பி மதுரை வழியாகவோ திருவனந்தபுரம் வழியாகவோ தென்காசிக்கு வந்து சேருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கே விழுந்தால் ஐஸ் பேக் வெந்நீராகிவிடும். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். இதையெல்லாம் யோசித்து ஆர்டர் போடும் இளைஞரை எந்த ஆய்வகத் தலைவரும் விட்டுவிட மாட்டார்.

எங்கெங்கே வேலை?

புரதம் தயாரிக்கும் நிறுவனத்தில் பொதுவாக நான்கு அறைகள். முதல் அறையில் பாக்டீரியாவை வளர்த்து, ஐ.பி.டி.ஜி. போன்ற தூண்டியைச் சேர்த்துப் புரதத்தை உண்டாக்க வைக்கிறார்கள். இரண்டாவது அறை தூய்மைப்படுத்தும் இடம். ஈ.ஜி.எஃப். போன்ற டைசல்ஃபைடு நிறைந்த புரதம் ஈ.கோலைக்குள் மடியத் தெரியாமல் கட்டியாகத் திரண்டுவிடுவது வழக்கம். அந்தக் கட்டியை யூரியாவில் பிரித்து, குளூட்டாதயோன் கலந்த பஃபரில் மெல்ல மெல்லச் சரியான வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையும் குறிப்பெடுக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கான அறை இது. அனுபவம் ஏற ஏற மதிப்பும் ஏறுவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது கியூ.சி., தரச் சோதனை. நம் கல்லூரிப் பட்டதாரிகள் எளிதில் நுழையக்கூடிய வாசல் இது. வேதியியல் படித்தவர்களும் வரலாம். இங்கே ஒரு நுணுக்கம் சொல்கிறேன். கல்லூரியில் ஓட்டும் சாதாரண எஸ்.டி.எஸ். ஜெல்லில் 6 கிலோடால்டன் புரதம் சாயக்கோட்டோடு சேர்ந்து ஓடி மங்கிப்போகும். சிறு புரதங்களுக்கு ட்ரைசின் ஜெல் ஓட்ட வேண்டும். மற்றொன்று: ஒவ்வொரு டைசல்ஃபைடு பிணைப்பு உருவாகும்போதும் இரண்டு ஹைட்ரஜன் கழன்றுபோகும். மூன்று பிணைப்பென்றால் ஆறு. ஆகவே நிறை நிறமாலைமானியில் சரியாக மடிந்த ஈ.ஜி.எஃப்-இன் எடை, பிணைப்பில்லாத வடிவத்தைவிட ஆறு டால்டன் குறைந்திருக்கும். இந்த ஆறு டால்டனை நேர்காணலில் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

நான்காவது கியூ.ஏ.: ஆவணங்கள், பேட்ச் பதிவேடு, தணிக்கை. எழுதாத வேலை செய்யாத வேலை என்பதே அங்கே சட்டம். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் நாலு வரி எழுத வருபவர்கள் இதைக் கவனியுங்கள்.

இவை தவிர, வாடிக்கையாளர் ஆய்வகங்களுக்குத் தொழில்நுட்ப உதவி, விற்பனை என்றும் வேலைகள் உண்டு. நிறுவனத்துக்கு வெளியேயும் இதே கைத்திறன் தேவைப்படுகிறது. மூல செல் வளர்க்கும் ஆய்வகங்கள், மருந்துத் தேடல் குழுக்கள், புற்றுநோய் ஆய்வு என்று வளர்ச்சிக் காரணி இல்லாமல் நடக்காத இடங்கள் பல. நமக்குப் பக்கமாகச் சொன்னால், மதுரையில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கருவிழி மூல செல் ஆய்வு நடக்கிறது. சென்னையில் தரமணி டைசெல் பயோபார்க், சிறுசேரியில் பெண்களுக்கென்றே அமைந்த பயோடெக் பூங்கா. பெரிய அளவில் வேலை தேடுபவர்கள் ஹைதராபாத் ஜீனோம் வேலிக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்டத் தயாராக இருக்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னை வரை கொண்டுபோய் விடும்; அதற்கப்பால் உங்கள் சாமர்த்தியம்.

தேர்வுகளும் கட்டணங்களும்

முதுகலைக்கு ஐ.ஐ.டி. ஜாம், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.) உதவியுடன் நடக்கும் படிப்புகளுக்கான கேட்-பி ஆகிய நுழைவுத் தேர்வுகளை இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதிப் பாருங்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்-யூ.ஜி.சி. நெட், டி.பி.டி-யின் பெட், பொறியியல் பக்கம் கேட். நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலைக்கு உயர்ந்ததும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. முதுகலை முடித்து நேராகத் தொழிற்சாலைக்குள் நுழைய விரும்பினால், உதவித்தொகையோடு நிறுவனத்தில் பயிற்சி தரும் டி.பி.டி-யின் பயோடெக் தொழிற்பயிற்சித் திட்டத்தின் அறிவிப்பைத் தேடிப் பாருங்கள்.

காசு கேட்கும் இடங்களில் எச்சரிக்கை. கடைசி ஆண்டு புராஜெக்ட்டை நாங்களே செய்து தருகிறோம், சான்றிதழும் தருகிறோம், வேலை நிச்சயம் என்று பணம் வாங்கும் பயிற்சி மையங்கள் பல ஊர்களில் முளைத்திருக்கின்றன. சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பைப்பெட் என் கையில் இருக்குமா, வேறொருவர் செய்வதை நான் பார்ப்பேனா? மூல ஜெல் படங்களும் தரவும் எனக்குக் கிடைக்குமா? இங்கே பயின்று இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேரோடு நான் பேசலாமா? மழுப்பலான பதில் வந்தால் அந்தப் பணத்தை வீட்டில் அப்பா அம்மாவிடமே திருப்பிக் கொடுங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துறைகளில், அபிஷேகப்பட்டி ஆனாலும் ஆழ்வார்குறிச்சி ஆனாலும், ஒரு ஆசிரியரிடம் நேரில் போய்க் கோடை விடுமுறையில் வேலை பழக அனுமதி கேட்பது அதைவிடப் பல மடங்கு மேல். மறுத்தால் அடுத்தவரைக் கேளுங்கள். கேட்டவர் எவரும் குறைந்துபோனதில்லை.

பணமே வேண்டாத பயிற்சியும் இருக்கிறது. யூனிபிராட் தரவுத்தளத்தில் பி01133 என்று தேடினால் மனித ஈ.ஜி.எஃப்-இன் முழுப் பக்கம் திறக்கும். முன்னோடிப் புரதம் 1,207 அமினோ அமிலம் நீளம். நாம் பேசிக்கொண்டிருக்கும் 53, அதில் 971-இலிருந்து 1,023 வரையிலான துண்டு மட்டுமே. அதை ஈ.கோலைக்கு ஏற்ற கோடான்களாக மாற்றிப் பாருங்கள். எதிர்பார்க்கும் எடையைக் கணக்கிடுங்கள். ஏற்பியோடு அது சேர்ந்திருக்கும் படிக அமைப்பு புரதத் தரவு வங்கியில் 1ஐவிஓ என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கும், சுழற்றிப் பாருங்கள். புரத வடிவத்தைக் கணினியில் கணித்ததற்கும் வடிவமைத்ததற்கும் 2024-இல் வேதியியல் நோபல் கொடுத்திருக்கிறார்கள். கணினிப் பக்கம் நாட்டம் உள்ளவர்கள் இந்த வழியில் போனால் தென்காசியில் இருந்தபடியே செய்யும் வேலையும் அமையலாம். மத்தளம்பாறையில் மென்பொருள் வந்து நின்றதை நம் கண்ணாலேயே பார்த்தோம். புரத வடிவமைப்பும் ஆவணப் பணியும் அப்படி வரக்கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

மறுசேர்க்கை உயிரிகளைக் கையாள்வது இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டது. நிறுவனத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் இடத்தில் அப்படிக் குழு இருக்கிறதா, வளர்த்த பாக்டீரியாவை ஆட்டோகிளேவில் கொன்ற பிறகுதான் கழிவில் விடுகிறார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சிற்றாற்றில் கலக்கும் சாக்கடைக்கு அருகில் ஆய்வகம் என்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. குப்பியின் மேல் 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் இந்த வேலையில் இருப்பது தெரிந்தால், சர்க்கரைப் புண்ணோடு தவிக்கும் சித்தப்பாவுக்காக யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்கள். "புண்ணு ஆறுற மருந்தாம்ல, ஒரு சொட்டு எடுத்துட்டு வாடே." கொடுக்கவே கூடாது. மருந்துக்கான ஜெல் வேறு தரத்தில், வேறு உரிமத்தில், கிருமி நீக்கி, மனிதர்களிடம் சோதித்து வந்தது. ஆய்வகக் குப்பி அப்படி வந்ததல்ல. அதுவும் செல்லைப் பெருகச் சொல்லும் புரதம் இது. எங்கே போடக்கூடாது என்று மருத்துவருக்குத்தான் தெரியும். சித்தப்பாவை அன்றைக்கே நீரிழிவு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கூடவே போய் உட்காருங்கள். உங்கள் படிப்பு அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உதவும் இடம் அது.

இனி பயோடேட்டா. "மூலக்கூறு உயிரியல் நுட்பங்கள் தெரியும்" என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் எந்தப் புரதம், எந்த பாக்டீரியா வகை, எத்தனை லிட்டர் வளர்ப்பு, கடைசியில் எத்தனை மில்லிகிராம், தூய்மை எவ்வளவு, செயல்திறனை எப்படிச் சோதித்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். விளைச்சல் குறைவாக இருந்தாலும் உள்ளபடியே போடுங்கள். ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்திருந்தால் அதையும் சேருங்கள். நேர்காணலில் அநேகமாக இப்படித்தான் கேட்பார்கள்: "ஏம்மா, குப்பியில 100 மைக்ரோகிராம் இருக்கு. எனக்கு 20 நானோகிராம் பெர் எம்.எல்ல 500 எம்.எல். மீடியா வேணும். எத்தனை அலிக்வாட் எடுப்ப?" மேலே சொன்ன கணக்கில் ஐந்து. "அஞ்சு சார். கூடுதலா ஒண்ணு எடுத்துக் கன்ட்ரோலுக்கு வைப்பேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கன்ட்ரோலில் என்ன பார்ப்பீர்கள் என்று அடுத்துக் கேட்கப்போவதற்கும் பதிலைத் தயாராக வைத்திருங்கள்: பழைய பேட்ச் குப்பியும் புதுக் குப்பியும் ஒரே நாளில், ஒரே செல்லில், ஒரே வளைகோட்டைத் தருகின்றனவா என்பதை.